மலத்தில் ரத்தம் வந்தாலே மூலம் அல்ல: செரிமானம் முதல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு முதல் தடவை மலத்தோடு ரத்தம் வந்தபோது வயது 26. மூலம்தான் என்று நானே முடிவு கட்டினேன். களிம்பு தடவினேன், தண்ணீர் கூடுதலாகக் குடித்தேன், யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் நிற்கும், மறுபடி வரும். இப்படியே 7 மாதம் போயிற்று. கடைசியில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று மிகக் குறைவாக வந்தது. அதற்கப்புறம்தான் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, அதற்கப்புறம்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்படலம் புண்ணாகும் நோய், என்ற பெயர்.

அது நடந்து 12 வருடம் ஆகிறது. நான் மருத்துவன் அல்ல, இந்த நோயோடு வாழ்கிறவன். அந்த 7 மாதத்தை வேறு யாரும் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நோய்க்குள் போவதற்கு முன்னால் செரிமானத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உடம்பு சாப்பாட்டை என்ன செய்கிறது என்று ஒரு தடவை விளங்கிவிட்டால், ஏன் பேதி, ஏன் ரத்தம், ஏன் அடித்துப் பிடித்து ஓட வேண்டியிருக்கிறது, ஏன் இரவில் இடது பக்கமாகப் படுத்து மருந்து ஏற்றச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

சாப்பாடு போகும் வழி

வாயில் தொடங்குகிறது. பல் அரைக்கிறது, உமிழ்நீர் நனைக்கிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அங்கேயே உடைக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கணக்கு வருகிறது.

விழுங்கியது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. அது தானாக வழுக்கி விழுவதில்லை. குழாயின் தசை உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உள்ளே போவது இதனால்தான். இதே அலை இயக்கம்தான் கடைசி வரை எல்லாவற்றையும் நகர்த்துகிறது.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினும் சேர்ந்து உணவைக் கூழாக்குகின்றன. இந்த வேலையை ஒருவர் கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறார். 1822ல் வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. அந்தத் துளை வழியாக உணவுத் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே எடுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்து வைத்தார் போமான்ட். 1833ல் அந்தக் குறிப்புகள் வெளிவந்தன. செரிமானம் என்பது வெறும் அரைப்பு இல்லை, இரைப்பையின் சாறு உணவைக் கரைக்கிறது என்பதை உலகம் அப்படித்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டது.

கூழான உணவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. உண்மையான செரிமானம் நடப்பது இங்கேதான். முன்சிறுகுடலில் அமிலக் கூழ் பட்டவுடன் குடற்சுவர் செக்ரீடின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது கணையத்துக்குப் போய், அமிலத்தை முறிக்கும் காரச் சாற்றை வரவழைக்கிறது. 1902ல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதர் அறிந்த முதல் ஹார்மோன் இதுதான். கல்லீரலில் ஊறிப் பித்தப்பையில் காத்திருக்கும் பித்தநீர், கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைக்கிறது. கணையத்தின் நொதிகள் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உறிஞ்சத்தக்க அளவுக்கு நறுக்கித் தருகின்றன.

அப்புறம் உறிஞ்சுதல். சிறுகுடலின் உட்புறம் வெல்வெட் துணி போல இருக்கும். லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள், ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நுண்ணிய இழைகள். குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். 2014ல் ஸ்வீடனில் இதைத் திரும்ப அளந்தபோது, மொத்தச் செரிமானப் பாதையும் சேர்ந்து 30 முதல் 40 சதுர மீட்டர்தான், அதாவது பாட்மின்டன் மைதானத்தில் பாதி என்று தெரிந்தது. அதுவே பெரிய பரப்புதான். இரும்புச்சத்து முன்சிறுகுடலிலும், பி12 வைட்டமினும் பித்த உப்புகளும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. எந்த இடம் கெட்டால் எந்தச் சத்து குறையும் என்பதை மருத்துவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

9 லிட்டர் கணக்கு

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். நாம் ஒரு நாளைக்கு உணவிலும் குடிப்பதிலுமாக 2 லிட்டர் நீர் எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். அதோடு உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு, குடலே சுரக்கும் நீர் என்று உடம்பு இன்னும் 7 லிட்டர் சேர்க்கிறது. மொத்தம் 9 லிட்டர். சிறுகுடல் இதில் ஏழரை, எட்டு லிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் நீராகப் பெருங்குடலுக்குள் நுழைகிறது. பெருங்குடல் அதையும் உறிஞ்சி, கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி நீர் மட்டும்.

பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். வலது பக்க அடிவயிற்றில் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்கி, ஒரு வளைவு வளைந்து மலக்குடலில் முடிகிறது. நீரை இழுப்பது ஒரு வேலை. இன்னொரு வேலை, பல லட்சம் கோடி பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுப்பது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து, புட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் மேற்பரப்புச் செல்களுக்கு முக்கிய உணவே அந்த புட்டிரேட்தான். நாம் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறோம், அவை நம் குடலுக்குப் போடுகின்றன.

கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒரு பக்கம், ரத்த ஓட்டம் மறு பக்கம். நடுவில் இருப்பது ஒரே ஒரு செல் தடிமன் உள்ள சுவரும், அதன் மேல் வழுவழுப்பான சளிப் படலமும்தான். அந்தச் சுவரும் சில நாட்களுக்கு ஒரு தடவை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அதற்கு அடியில் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்போதும் காவலிருக்கின்றன. எதிரியை அடிக்க வேண்டும், குடியிருக்கும் பாக்டீரியாவை விட்டுவிட வேண்டும். இந்த நிதானம் தவறும்போதுதான் நம் நோய் ஆரம்பிக்கிறது.

கடைசியாக மலக்குடல். அது வெறும் வாசல் இல்லை, ஒரு பை. மலம் வந்து சேர்ந்ததும் விரிந்துகொடுத்து, நாம் வசதியான நேரம் வரும்வரை பிடித்து வைக்கிறது. "அப்புறம் போகலாம்" என்று நாம் தள்ளிப் போட முடிவது இந்த விரிவினால்தான். உடம்பு நன்றாக இருக்கும் வரை இதன் அருமை யாருக்கும் தெரியாது.

அங்கே என்ன கெடுகிறது

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் பெருங்குடலின் உட்படலத்தைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரை, குடல் பாக்டீரியாக்களில் வரும் மாற்றம், சுற்றுச்சூழல் எல்லாம் கலந்தது. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டும், எந்த வயதிலும் வரலாம். தொற்றாது. நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒன்றால் வந்ததல்ல. கவலையாலும் வந்ததல்ல, ஆனால் இருக்கிற நோயை மன அழுத்தம் கிளறிவிடுவது உண்டு. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாக வருகிறது என்பது உண்மைதான். அதற்காக மறுபடி பற்ற வைக்கலாம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

அழற்சி ஏறக்குறைய எப்போதும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். உட்படலத்தோடு நிற்கும், சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அபூர்வம். இதன் உடன்பிறப்பு குரோன்ஸ் நோய் வேறு மாதிரி. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், இடையிடையே நல்ல பகுதியை விட்டுவிட்டுப் பிடிக்கும், சுவரின் முழுத் தடிமனையும் தின்னும். 1932ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து அதை விவரித்தார்கள். ஆங்கில அகர வரிசையில் முதலில் வந்ததால் குரோனின் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் சிகிச்சை சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் வேறு. உங்களுக்கு எது என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அறிகுறிகளைப் பாருங்கள். புண்ணான சுவரால் நீரை இழுக்க முடியவில்லை, அதனால் பேதி. படலம் உரிந்த இடத்தில் கசிகிறது, அதனால் ரத்தம். சளிச் செல்கள் தவிக்கின்றன, அதனால் சீதம். வீங்கிய மலக்குடல் விரிய மறுக்கிறது, அதனால் ஒரு கரண்டி அளவு சேர்ந்தாலே "உடனே போ" என்று விரட்டுகிறது. போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது, ஆனாலும் இன்னும் ஏதோ இருப்பது போல முக்கச் சொல்லும். அந்த உணர்வு மலத்தால் வருவதல்ல, வீக்கத்தால் வருவது. இதை ஒரு செவிலியர் எனக்குச் சொன்ன நாளிலிருந்து நான் முக்குவதை விட்டேன்.

படி 1: மூலம் என்று முடிவு கட்டாமல் எழுதி வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, எத்தனை தடவை போனீர்கள், ரத்தம் எப்படி இருந்தது, இரவில் தூக்கம் கலைந்ததா, எடை எவ்வளவு. இவ்வளவுதான்.

மூலத்தில் பொதுவாக மலம் கெட்டியாக இருக்கும், ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் கடைசியில் சொட்டும் அல்லது துடைக்கும்போது தெரியும். கொலைட்டிஸில் ரத்தம் மலத்தோடும் சீதத்தோடும் கலந்து வரும், தடவைகள் கூடும், அவசரம் இருக்கும். ஆனால் நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால் மலச்சிக்கலோடு ரத்தம் வருவதும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யவே முடியாது. ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் கோளாறில் ரத்தம் வராது, தூக்கத்திலிருந்து எழுப்புவதும் அரிது. இரவு 2 மணிக்கு வயிறு உங்களை எழுப்பினால் அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

படி 2: மருத்துவரிடம் போங்கள், வெட்கப்படாமல் பேசுங்கள்

பொது மருத்துவரிடம் தொடங்கலாம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் நிற்கவில்லை என்றால் குடல்-இரைப்பை நிபுணரைப் பார்க்க வேண்டும். "வயிறு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "ஒரு நாளைக்கு 7 தடவை, அதில் 5 தடவை ரத்தத்தோடு, 3 வாரமாக" என்று சொல்லுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலோ, மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை எடுத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். கண் சிவந்து வலிப்பது, முழங்கால் வீங்குவது, காலில் வலியோடு சிவந்த கட்டிகள் வருவது இவையெல்லாம் குடலோடு சம்பந்தமில்லாதவை என்று நினைப்போம். இந்த நோய் அங்கேயும் போகும்.

படி 3: பரிசோதனைகள்

மலப் பரிசோதனை முதலில். கிருமித் தொற்றா, அமீபாவா என்று பார்த்தே ஆக வேண்டும். அமீபா இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். கால்புரோடெக்டின் என்ற இன்னொரு மலப் பரிசோதனை உண்டு. அது வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் அழற்சி பெரும்பாலும் இல்லை, 250க்கு மேல் போனால் அழற்சி நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஆல்புமின் என்ற புரதம், கல்லீரல் அளவுகள் பார்ப்பார்கள்.

அப்புறம் கொலோனோஸ்கோபி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். சோதனைக்குப் பயப்பட வேண்டாம், முந்தின நாளுக்குத் தயாராகுங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே நார்ச்சத்தையும் விதையுள்ள பழங்களையும் நிறுத்தச் சொல்வார்கள். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும். குடலைக் கழுவும் மருந்துக் கரைசலை இரண்டு பாகமாக, பாதி மாலையிலும் பாதி காலையிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும், குமட்டலும் குறையும். குளிரவைத்து, உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தால் இறங்கும். ஆசனவாயைச் சுற்றி வாஸ்லைன் தடவிக்கொண்டு ஆரம்பியுங்கள், பத்தாவது தடவை கழுவும்போது அந்த யோசனையின் அருமை தெரியும். கடைசியில் வருவது மஞ்சள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். அரை மணி நேர வேலை. நல்ல பெருங்குடல் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளவென்று, இலை நரம்பு மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும்படி இருக்கும். கொலைட்டிஸில் அந்த நரம்புக் கோலம் அழிந்துபோய், சிவந்து, மணல் தூவியது போல் சொரசொரப்பாக, குழாய் பட்டாலே ரத்தம் கசியும். எனக்குத் திரையில் ஒரு படம் காட்டினார்கள். ஒரு கோடு கிழித்தது போல, இந்தப் பக்கம் புண், அந்தப் பக்கம் நல்ல குடல். சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்த்தார்களா, பல இடங்களில் பயாப்ஸி, அதாவது சோதிப்பதற்கான சிறு சதைத் துணுக்கு, எடுத்தார்களா என்று கேளுங்கள். கொலைட்டிஸா குரோன்ஸா, இல்லை குரோன்ஸ் போலவே தோன்றும் குடல் காசநோயா என்று பிரித்தறிய அவை தேவை.

படி 4: உங்கள் நோயின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அறிக்கை வந்ததும் ஒரே கேள்வி: எதுவரை? மலக்குடலோடு நிற்கிறதா, இடது பக்கம் முழுவதுமா, அதையும் தாண்டிவிட்டதா? மருந்தை எந்த வழியாகக் கொடுப்பது என்பதையும், வருங்காலப் புற்றுநோய் ஆபத்தையும் இந்த எல்லைதான் தீர்மானிக்கிறது.

படி 5: மருந்து

லேசான, நடுத்தர நோய்க்கு முதல் மருந்து, குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன். இதன் மூதாதையான சல்ஃபாசலசினை ஸ்வீடனைச் சேர்ந்த நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டு நோய்க்காக உருவாக்கினார், 1940களில் அது கொலைட்டிஸுக்கும் கேட்கிறது என்று தெரிந்தது. சல்ஃபாசலசின் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் திரும்பிவிடும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புண் இருப்பது பாதையின் கடைசியில். வாய் வழியாகப் போகும் மருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் அளவு குறைந்துவிடும். அதனால் மலக்குடல் நோய்க்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, இடது பக்க நோய்க்கு ஆசனவாய் வழியாக ஏற்றும் திரவ மருந்தான எனிமா, அதோடு வாய்வழி மாத்திரையும் சேர்த்தால் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது.

எனிமாவை முதல் வாரம் என்னால் ஐந்து நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை. பழகியது இப்படித்தான். படுக்கப் போகும் முன் ஒரு தடவை வெளிக்குப் போய்விட்டு வாருங்கள். புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஜில்லென்று இருந்தால் குடல் உடனே வெளியே தள்ளும். நன்றாகக் குலுக்குங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், மெசலமைன் கறை துணியை விட்டுப் போகாது. இடது பக்கமாகச் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். குடல் இறங்கும் பக்கம் இடது என்பதால் மருந்து வழிந்து மேலே போகும். மெதுவாக அழுத்தி உள்ளே விடுங்கள், அரை மணி நேரம் அப்படியே கிடங்கள், பிறகு தூங்கலாம். பிடிக்கவே முடியவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், நுரை வடிவ மருந்தோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கேளுங்கள். வீக்கம் குறையக் குறைய மலக்குடல் பிடித்து வைக்கக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு. 1955ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்டிசோன் ஆய்வை வெளியிடும்வரை, கடுமையான கொலைட்டிஸ் வந்தவர்களில் பலர் இறந்துபோனார்கள். உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் அது தீயை அணைக்க மட்டும். மாதக்கணக்கில் ஓட்டினால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தவும் கூடாது, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். படிப்படியாகக் குறைக்க வேண்டும். வருடத்தில் இரண்டாவது தடவை ஸ்டீராய்டு எழுதினால், "இதற்கு அடுத்த மருந்துக்குப் போகலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அசாதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப், டோஃபாசிட்டினிப் என்று இன்று வழிகள் பல இருக்கின்றன. இவற்றில் பல எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. அதனால் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் பரிசோதனை, தேவையான தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

படி 6: சாப்பாடு

இந்த நோயைக் குணமாக்கும் பத்தியம் என்று எதுவும் கிடையாது. சொல்கிறவர்களை நம்பி மருந்தை நிறுத்தியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். நோய் கிளம்பியிருக்கும்போது நார் குறைந்த, நன்றாக வெந்த, கொஞ்சம் கொஞ்சமான சாப்பாடு வயிற்றுக்கு இதம். அடங்கியதும் நார்ச்சத்தை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், புட்டிரேட் கதையை மறக்க வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் நிறுத்துங்கள். பயத்தில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் உடம்பில் எலும்புதான் மிஞ்சும். ரத்தம் போனதால் இரும்புச்சத்து குறைந்திருக்கும், அதை அளந்து பார்த்து ஈடுகட்ட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம்.

படி 7: காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது அல்லது நாடித் துடிப்பு 90க்கு மேல் ஓடுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ட்ரூலவ், விட்ஸ் வகுத்த அளவுகோல் இன்றும் இதுதான். வயிறு உப்பி, தொட்டால் வலித்து, பேதி திடீரென நின்றுபோனால் அதைக் குணம் என்று நினைக்காதீர்கள். பெருங்குடல் செயலிழந்து விரியத் தொடங்கியிருக்கலாம், அது கிழிந்துபோகும் ஆபத்து. கடுமையாக இருக்கும் சமயத்தில் பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை நீங்களாகச் சாப்பிடாதீர்கள்.

எந்த மருந்தும் கேட்காதபோது பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் உலகமே இருண்டுபோகும். 1978ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் இருவரும் ஒரு வழியை வெளியிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியையே மடித்துத் தைத்துப் பையாக்கி, மலக்குடல் இருந்த இடத்தில் வைப்பது. நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும், பையில் சில சமயம் அழற்சி வரும். ஆனால் ரத்தம் இல்லை, அந்த விரட்டல் இல்லை. தள்ளிப்போட்டு உடம்பு முற்றிலும் தளர்ந்த பிறகு செய்வதைவிட, தெம்பு இருக்கும்போதே செய்துகொள்வது நல்லது.

படி 8: அடங்கிய பிறகு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நானும் தவறினேன். ரத்தம் நின்று 5 மாதம், எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன். ஏழாவது வாரம் திரும்பி வந்தது, முன்பு இடது பக்கம் மட்டும் இருந்தது இந்தத் தடவை குறுக்குக் குடல் வரை ஏறியிருந்தது. 2003ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கிய நிலையில் மெசலமைனைச் சரியாக எடுக்காதவர்களுக்கு அது திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. வலி இல்லாத நாளில் விழுங்கும் மாத்திரைதான் இந்த நோய்க்கு உண்மையான மருந்து. பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. வருடம் ஒரு தடவை சிறுநீரக அளவுகளையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கால்புரோடெக்டினையும் பாருங்கள். அறிகுறி வருவதற்கு முன்பே அது ஏறிக் காட்டிவிடும்.

கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் நோய் அடங்கி இருக்கும் காலமாகப் பார்த்துத் திட்டமிடுங்கள். பெரும்பாலான மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். பயந்து நிறுத்துவதால் கிளம்பும் நோய்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் அதிக ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளை மட்டும் முன்கூட்டியே மாற்ற வேண்டும், அதனால் முயற்சிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் பாக்கி. பல வருடம் அழற்சியில் கிடந்த பெருங்குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மலக்குடலைத் தாண்டிய நோய் உள்ளவர்கள், அறிகுறி தொடங்கி 8 வருடம் ஆனதும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபி செய்யத் தொடங்க வேண்டும். பிறகு ஆபத்தின் அளவைப் பொறுத்து 1 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை. பித்தநாளம் இறுகும் நோயும் சேர்ந்து இருப்பவர்கள் 8 வருடம் காத்திருக்கக் கூடாது, கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடாவருடம். நோட்டின் முதல் பக்கத்தில் உங்களுக்கு முதல் ரத்தம் வந்த வருடத்தை எழுதி, அதோடு 8 கூட்டி, வந்த எண்ணை வட்டமிடுங்கள். மருத்துவர் நோயின் பெயர் சொன்ன வருடம் அல்ல, ரத்தம் வந்த வருடம். என் நோட்டில் அந்த வட்டத்துக்குக் கீழே இரண்டு தேதிகள் இருக்கின்றன. மூன்றாவதுக்கு நாள் குறித்தாயிற்று.